ஷவர் மட்டும் போதுமா, தரையையும் பெயர்க்க வேண்டுமா?

திருச்சிராப்பள்ளியின் புத்தூர் போன்ற பழைய குடியிருப்புகளில், வாளியில் நீர் பிடித்துக் குளிப்பதற்கெனக் கட்டப்பட்ட குளியலறையில் ஷவர் அமைக்க இரண்டு வழிகள் உண்டு. சுவரைச் சிறிதளவு கொத்தி, நீரை வாளிக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பிவிடும் டைவர்ட்டரை மட்டும் பொருத்துவது ஒன்று. டைல்ஸ், குழாய், தரை அனைத்தையும் பெயர்த்துப் புதிதாக அமைப்பது மற்றொன்று. இவற்றுள் எது என்பதைக் கண்ணில் படும் டைல்ஸைவிட அதன் பின்னும் கீழும் மறைந்திருப்பவையே முடிவு செய்கின்றன.

முதலாவது, நீரழுத்தம். 10 மீட்டர் உயர நீர்மட்டம் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். ஒற்றைமாடி வீட்டின் மொட்டைமாடித் தொட்டி ஷவர் தலைக்கு 2 மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது 0.2 பார் மட்டுமே என்பதால், அகன்ற ஷவரில் நீர் பொழியாமல் சொட்டும். அதற்கெனப் பிரஷர் பம்ப் வைத்தால், துத்தநாகப் பூச்சு தேய்ந்து உள்ளே துருவேறிய பழைய ஜிஐ குழாய்களின் இணைப்புகள் கசியத் தொடங்கலாம். காலையில் குழாயைத் திறந்ததும் முதலில் செந்நிற நீர் வருவது அத்தகைய துருவின் அடையாளமாகும்.

இரண்டாவது, தரை. மாடிக் குளியலறைகள் பலவற்றில், கழிவுக்குழாய்களை மறைப்பதற்காகத் தளத்தைத் தாழ்த்தி வார்த்து, அந்தப் பள்ளத்தைச் செங்கல் ஜல்லியால் நிரப்பி, மேலே டைல்ஸ் பதித்திருப்பர். இது சங்கன் ஸ்லாப் எனப்படும். டைல்ஸ் இடுக்கு வழியே இறங்கும் நீர் அங்கே தேங்கிக் கீழ்வீட்டுக் கூரையில் ஈரத்திட்டாகத் தெரியவரும். வடிகால் வாயை அடைத்து, தரையில் சில அங்குல நீரை 24 மணி நேரம் தேக்கி, கீழே ஈரம் பரவுகிறதா என்று பார்ப்பது எளிய சோதனையாகும். உய்யக்கொண்டான் வாய்க்காலை ஒட்டியவை போன்ற ஈரநிலத்து வீடுகளில், அடித்தளத்திலிருந்து சுவரேறும் ஓதத்தைக் குளியலறைக் கசிவென்று கொள்ளாதிருப்பதும் அவசியம். ஓதம் குளியலறையை ஒட்டாத சுவர்களின் அடிப்பகுதியிலும் காணப்படும்.

தரை கசியாமலும், வாட்டம் வடிகாலை நோக்கியும், குழாய்கள் நல்ல நிலையிலும் இருந்தால் ஷவர் மாற்றமே போதும். தரை கசியுமாயின், மேலே புது டைல்ஸ் ஒட்டுவது செலவைத் தள்ளிப்போடுமேயன்றித் தவிர்க்காது. முழுச் சீரமைப்பிலும் நீர்க்காப்புப் பூச்சு காய்ந்தபின், டைல்ஸ் பதிக்கும் முன்பே, நீரைத் தேக்கி மீண்டும் சோதித்தல் வேண்டும்.