பழைய டீசல் லாண்ட் றோவரை வீட்டிற் செப்பனிடும் முறை

தமிழ் கற்பிக்கும் ஆசிரியருக்கு மோட்டார் வண்டியில் என்ன அலுவல் என அன்பர் சிலர் வினவக்கூடும். விடை எளிது. வன்னியில் எமக்குச் சிறிது வயல் உண்டு. மாரிகாலத்தில் அங்குள்ள களிமண் பாதையிற் சாதாரண கார் செல்லாது. ஆதலின் யாமும் எம் மைத்துனரும் சேர்ந்து, முன்னொரு காலத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் உழைத்து ஓய்ந்த டீசல் லாண்ட் றோவர் ஒன்றை வாங்கினோம். வீட்டு முற்றத்து மாமர நிழலில் அதனைச் செப்பனிட்ட மூன்று ஆண்டுகளிற் கற்றவை, இத்தகைய முயற்சியில் இறங்கக் கருதும் பழைய மாணவர்க்குப் பயன்படுமென எண்ணி ஈண்டு எழுதுகின்றோம்.

லாண்ட் றோவர் 1948 ஆம் ஆண்டு ஏப்பிரல் 30 ஆந் திகதி ஆம்ஸ்ரடாம் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்டது. உலகப் போரின் பின் பிரித்தானியாவில் உருக்குக்குத் தட்டுப்பாடு நிலவியமையால், அதன் உடற்பகுதி பெரும்பாலும் அலுமினியக் கலவைத் தகட்டாற் செய்யப்பட்டது, அடிச்சட்டமோ உருக்கினாலானது. 1957 இல் டீசல் எஞ்சின் இடம்பெற்றது. 1961 இல் 2286 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் 62 குதிரைவலுவும் உடைய டீசல் எஞ்சின் வந்தது. எமது வண்டி அவ்வெஞ்சின் பூண்ட ‘இரண்டாம் வரிசை ஏ’ வகையினது. முன்பின் சில்லுகளுக்கு இடைப்பட்ட தூரம் 88 அங்குலம். இதன் வழிவந்த டிஃபெண்டர் 2016 ஆம் ஆண்டு சனவரி 29 வரை சொலிகல் தொழிற்சாலையிற் செய்யப்பட்டது. எனவே பொருந்தும் உதிரிப்பாகங்கள் பல இன்றும் கிடைக்கின்றன.

வண்டி வந்த சில நாளிலேயே அதன் வலு போதாதென எமக்குத் தோன்றியது. பம்பு செலுத்தும் எரிபொருளின் அளவைக் கூட்டினோம். வண்டி முன்னிலும் விரைவாய் ஓடியது. யாமும் பெருமிதங் கொண்டோம். ஒருநாள் மாலை ஏ9 வீதியில் மாடொன்று குறுக்கிட, பிறேக்கை மிதித்தோம். மிதி தளம்வரை இறங்கிற்று, வண்டி நிற்கவில்லை. முன்சில்லு ஒன்றுக்குச் செல்லும் பழைய இறப்பர்க் குழாய் வெடித்து, பிறேக் எண்ணெய் வெளியேறிவிட்டது. கியரைக் குறைத்து, கைப்பிறேக்கை இழுத்து, வீதியோரப் பற்றைக்குள் வண்டியைச் செலுத்தித் தப்பினோம். மைத்துனரின் சிறு மகளும் அன்று வண்டியில் இருந்தாள். அதனை நினைக்குந்தோறும் இன்றும் எமக்கு நெஞ்சு நடுங்கும்.

அன்று கற்ற பாடம் இதுவே: பழைய வண்டியை மேம்படுத்துவதற்கு ஒரு முறைவைப்பு உண்டு. முதலிற் பழுது நீக்கல். அடுத்து நிற்கும் ஆற்றல். அதன்பின் மின்னும் வில்லும். இறுதியிலேயே ஓடும் வலு. எழுத்தறியாத மாணவனுக்கு யாப்பிலக்கணம் புகட்டுவார் இல்லையன்றோ?

பழுது நீக்கல் அடிச்சட்டத்திலிருந்து தொடங்கல் வேண்டும். புதிய மையின் கீழ்த் துரு மறைந்திருக்கும். சிறு சுத்தியலாற் தட்டிப் பார்த்தால் நல்லிரும்பு கணீரென ஒலிக்கும், துருப்பிடித்தது மந்தமாய் ஒலிக்கும். அலுமினியமும் உருக்கும் தொடும் இடங்களில் உப்பீரம் படின், அலுமினியம் அரித்து வெண்பொடியாகும். கடற்காற்று வீசும் எம் குடாநாட்டில் இது விரைந்து நிகழும். இரண்டு உலோகங்களுக்கும் இடையே இறப்பர்த் துண்டோ காப்புப் பசையோ இட்டுப் பூட்டுதல் நன்று.

அடுத்தது பிறேக். எமது வகை வண்டியில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. ஓரிடத்தில் ஒழுகினும் நான்கும் செயலிழக்கும். எமக்கு நேர்ந்தது அதுவே. கைப்பிறேக் கியர்ப்பெட்டியின் பின்னுள்ள தண்டிற் தனியே செயற்படுவதாற் தப்பினோம். ஆயினும் ஓடும்போது அதனை இழுத்தல் தண்டுக்கும் பற்சில்லுகளுக்கும் கேடாகும். இறப்பர்க் குழாய்களையும் உலோகக் குழாய்களையும் முற்றாக மாற்றினோம். பின்னர் மூன்றாம் வரிசை வண்டியொன்றின் இரட்டைச் சுற்று மாஸ்ரர் சிலிண்டரை அதன் மிதிப்பெட்டியோடும் உதவிக்கலத்தோடும் பொருத்தினோம். இதில் ஒரு சுற்றுக் கெடினும் மற்றைச் சுற்று வண்டியை நிறுத்தும். முன்சில்லுகளின் 10 அங்குல டிரம்களுக்குப் பதிலாக, 109 அங்குல வண்டிக்குரிய 11 அங்குல டிரம்களையும் அவற்றின் பின்தகடுகளையும் பூட்டினோம். ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது. மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடுவது 90 கிலோமீற்றரில் ஓடின், வேகம் ஒன்றரை மடங்கே. பிறேக் அடக்க வேண்டிய ஆற்றலோ இரண்டேகால் மடங்கு. பிறேக்கைத் திருத்தாது எஞ்சினை மாற்றுவோர் இக்கணக்கை மறத்தலாகாது.

மூன்றாவது மின்னமைப்பு. டீசல் எஞ்சினிற் பொறிமூட்டும் பிளக்கு இல்லை. காற்றை 23 இல் ஒரு பங்காக நெருக்குவதாற் பிறக்கும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கின்றது. குளிர்ந்த எஞ்சினுக்கு அவ்வெப்பம் போதாமையின், ஹீற்றர் பிளக்குகள் நான்கு முதலில் அறைகளைச் சூடாக்கும். பழைய அமைப்பில் இந்நான்கும், கோயில் திருவிழாவிற் கட்டும் பழைய மின்விளக்குச் சரம்போல, ஒன்றன்பின் ஒன்றாய்த் தொடுக்கப்பட்டவை. ஒன்று கெட்டால் நான்கும் அணையும். இவற்றை நீக்கி, தனித்தனியே 12 வோல்ற்று மின் பெறும் பிளக்குகளைப் பக்கவிணைப்பாகப் பூட்டினால், ஒன்று கெட்டபோதும் மூன்று வேலைசெய்யும். சிறு செலவிற் பெரும்பயன் தருவது இம்மாற்றமே. டைனமோவுக்குப் பதில் ஓல்ரனேற்றர் பூட்டுவோர், தம் வண்டியிற் பற்றறியின் நேர்முனையா எதிர்முனையா அடிச்சட்டத்தோடு இணைக்கப்பட்டுள்ளது என முதலிற் காண்க. முற்பட்ட வண்டிகளில் நேர்முனையே அவ்வாறு இணைக்கப்பட்டது. அறியாது பூட்டின் ஓல்ரனேற்றர் கெடும்.

நான்காவது வில். பழைய வில்லிற் பல தகடுகள் ஒன்றன்மேலொன்று உராய்ந்து கிடக்கும், துருவேறின் வளையா. நடுவிற் தடித்து முனையில் மெலிந்த தகடுகள் சிலவே உடைய பரவளைவு வில்லில் உராய்வு குறைவு, குலுக்கமும் குறைவு. சேற்றுப் பாதைக்கு ஆழ்ந்த வெட்டுடைய ரயர் உதவும். மிக அகன்ற ரயரோ ஸ்ரியறிங்கைக் கனமாக்கும்.

இறுதியில் வலு. எரிபொருளைக் கூட்டியதாற் கரும்புகை எழுந்தது. அப்புகை எரியாது வீணாகும் டீசலே. வெப்பம் மிகுந்து சிலிண்டர்த் தலைக் கஸ்கற் எரிந்தது. அளவைப் பழையபடி வைத்து, இன்ஜெக்ரர்களைப் பரிசோதித்து, வடிகள் மாற்றி, றேடியேற்றரைத் துப்புரவாக்கியபோது, இழந்த வலு பெரும்பாலும் தானே மீண்டது. மேலும் வலு வேண்டுவோர் 1990 இல் டிஃபெண்டரிற் புகுந்த 200 ரிடிஐ எஞ்சினை நாடுவர். அது 107 குதிரைவலு உடையது. பழைய எஞ்சினின் குடும்பத்தில் வந்தமையாற் பழைய கியர்ப்பெட்டியோடு பெரிய மாற்றமின்றிப் பொருந்தும். ஆயின் பழைய கியர்ப்பெட்டியும் அச்சினுள்ளே சில்லைச் சுழற்றும் அரைத்தண்டுகளும் இத்துணை வலுவுக்கெனச் செய்யப்பட்டவை அல்ல என்பதை உணர்க. எஞ்சினை மாற்றினால் அதன் இலக்கத்தை மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்திற் பதிவுசெய்தலும் கடன்.

வீட்டில் வேலைசெய்வோர் மூன்றினை மறவற்க. ஜாக்கை மட்டும் நம்பி வண்டியின் கீழே புகாதீர்; உறுதியான தாங்கிகளை வைத்தே புகுக. பழைய பிறேக் டிரம்மின் தூசியிற் கல்நார் இருக்கலாம். காற்றால் ஊதாது ஈரத்துணியாற் துடைத்திடுக. இன்ஜெக்ரரிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்புகும். கையை அதன்முன் நீட்டற்க.

எமது வண்டி இன்றும் அதே 62 குதிரைவலுவோடே ஓடுகின்றது. ஏற்றத்தில் லொறிகளும் எம்மை முந்துகின்றன. ஆயினும் மாரியில் வயலுக்குச் சென்று மீள்கின்றோம். மிதித்தபோது வண்டி நிற்கின்றது. மைத்துனரின் மகள் இப்பொழுது தானே சாவி கொண்டு ஹீற்றர் பிளக்கைச் சூடாக்கி எஞ்சினை இயக்குகின்றாள். எண்ணெய் பார்க்காமல் இயக்கலாகாதென்று எமக்கே நினைவூட்டுபவளும் அவளே.