மரத்துக்கும் உண்டு எஃப்.டி. அக்கவுன்ட்!

ஜூன், ஜூலை மாசம் டி.வி. நியூஸ்ல கடைசியா மழை நிலவரம் சொல்வாங்களே, கவனிச்சிருக்கீங்களா? 'அதிகபட்சமாக நீலகிரி மாவட்டம் தேவாலாவில்...' அந்த தேவாலாதாங்க எங்க ஊர்! காலேஜ்ல சேர்ந்த முதல் நாளே 'ஓ... அந்த மழை ஊரா நீ?'ன்னுதான் கேட்டாங்க. மழைக்காலத்துல துவைச்ச துணி மூணு நாளானாலும் காயாது. ஷூவுக்குள்ள பூஞ்சை குடித்தனம் நடத்தும்!

ஆனா, இதே ஊருக்கு ஏப்ரல்ல வந்து பாருங்க. எங்க வீட்டுக் கிணத்துல வாளியை விட்டா, 'டங்'னு தரை தட்டும். அங்கிருந்து பஸ் ஏறி கூடலூர் தாண்டி முதுமலைக்குப் போனா இன்னும் மோசம். தென்மேற்குப் பருவமழை மேற்குப் பக்கம் இருக்கற எங்க ஊர்ல கொட்டித் தீர்த்துட்டு, கிழக்கே போகப் போக இளைச்சுடும். முதுமலையில அந்த சீசன்ல பாதிக் காடு இலையில்லாம குச்சி குச்சியா நிக்கும்.

சின்ன வயசுல பஸ் ஜன்னல் வழியா அதைப் பார்த்துட்டு, "பாட்டி, இதெல்லாம் செத்துப் போச்சா?"ன்னு கேட்டேன். "அட போடா... வேரு ஆழமா இருக்கற மரம் எப்பவும் பொழைச்சுக்கும்"னாங்க பாட்டி. நானும் இருபது வயசு வரைக்கும் அதைத்தான் நம்பிட்டு இருந்தேன். நீங்களும் அப்படித்தானே? அந்த நம்பிக்கையில ஒரு ஓட்டை இருக்குன்னு கண்டுபிடிச்சதே அதே முதுமலைக் காட்டை வெச்சுத்தான்!

ஸ்ட்ரா ரகசியம்

முதல்ல, மரம் எப்படித் தண்ணி குடிக்குது? அதுக்கு மோட்டாரும் கிடையாது, பம்ப்பும் கிடையாது. இலைகளில் இருக்கும் குட்டிக் குட்டித் துளைகள் வழியா நீர் ஆவியாகி வெளியே போகும். அப்படிப் போகும்போது பின்னாடி இருக்கற தண்ணியையும் இழுக்கும். தண்ணி மூலக்கூறுகள் ஒண்ணோட ஒண்ணு கையைக் கோத்துக்கிட்டு நிக்கறதால, அந்த இழுவை வேர் வரைக்கும் போய்ச் சேரும். ஜூஸ் கடையில ஸ்ட்ராவை உறிஞ்சுற மாதிரிதான். 1894-லயே டிக்ஸன், ஜோலின்னு அயர்லாந்தைச் சேர்ந்த ரெண்டு பேர் இந்த விளக்கத்தைச் சொல்லிட்டாங்க.

ஜூஸ் தீரப்போற நேரத்துல ஸ்ட்ராவுல 'சர்ர்ர்'னு காத்து ஏறுமே, அந்த ஆபத்து மரத்துக்கும் உண்டு. மண் வறண்டா இழுவை அதிகமாகும். ஒரு கட்டத்துல தண்ணிக் குழாய்க்குள்ள காத்துக் குமிழி புகுந்து குழாய் அடைச்சுக்கும். நிறைய குழாய் அடைச்சா மரம் அவுட்! அதனாலதான் வெயில் ஏறினதும் தேக்கு மாதிரி மரங்கள் இலையைக் கொட்டிடுது. செலவைக் குறைக்கிற வேலை அது.

25 ஆயிரம் பேருக்கு அட்டென்டன்ஸ்!

சரி, முதுமலைக்கு வருவோம். 1988-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ராமன் சுகுமார் (ஆமாங்க, யானை ஆராய்ச்சிக்குப் பேர் போனவர்!) குழுவினர், காட்டுக்குள்ள 50 ஹெக்டேர் இடத்தை அளந்தாங்க. ஒரு கிலோமீட்டர் நீளம், அரை கிலோமீட்டர் அகலம். அதுக்குள்ள ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல இருக்கற அத்தனை மரத்துக்கும் நம்பர் போட்டு, மேப்ல குறிச்சு, ரெக்கார்டு பண்ணினாங்க. தேக்கு, கருமருது, நெல்லி, சரக்கொன்றைன்னு எழுபதுக்கும் மேற்பட்ட இனங்கள். ஆரம்பத்துலயே சுமார் 25 ஆயிரம் மரங்கள்!

வருஷா வருஷம் யார் உயிரோட இருக்கா, யார் செத்துப்போனா, யார் புதுசா வந்திருக்கான்னு கணக்கெடுப்பாங்க. நாலு வருஷத்துக்கு ஒருமுறை எல்லா மரத்தோட சுற்றளவையும் அளப்பாங்க. நடுவுல யானை முறிக்கும், காட்டுத்தீ வரும். ஆனாலும் அட்டென்டன்ஸ் நிக்கலை. நாம ஒரு செமஸ்டர் எழுபத்தஞ்சு பர்சென்ட் வைக்கறதுக்கே என்ன பாடு படறோம்!

வேரைத் தோண்டாம ஆழத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

2000-களின் தொடக்கத்துல அந்தக் காட்டை ஒரு வறட்சி தாக்குச்சு. ஒரு வருஷத்தோட முடியலை, பல வருஷம் நீடிச்சது. நிறைய மரம் செத்தது. எது செத்தது, எது பிழைச்சது, ஏன்? இந்தக் கேள்வியை ருதுஜா சித்ரா-தாரக் என்ற ஆராய்ச்சியாளர், சுகுமார் உள்ளிட்டவங்களோட சேர்ந்து கையில எடுத்தார். முடிவுகள் 2018-ல் வெளியாச்சு.

மரம் எந்த ஆழத்துல குடிக்குதுன்னு தெரியணும். அதுக்காக புலிகள் காப்பகத்துல பொக்லைன் விட்டுத் தோண்ட முடியுமா? அதனால கம்ப்யூட்டர்ல ஒரு மாடல் உருவாக்கினாங்க. மண்ணையும் அதுக்குக் கீழே இருக்கற மக்கிய பாறையையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின பக்கெட்டுகளா நினைச்சுக்கோங்க. மழை முதல்ல மேல் பக்கெட்டை நிரப்பும். அது வழிஞ்சாதான் அடுத்ததுக்குத் தண்ணி. நடுவுல ஒவ்வொரு மட்டத்துலயும் மரங்கள் வேற குடிச்சுக்கிட்டே இருக்கும். இப்படி இருபது வருஷத்துக்கு, எந்த ஆழத்துல எப்போ எவ்வளவு தண்ணி இருந்ததுன்னு கணக்குப் போட்டாங்க.

அடுத்ததுதான் செம ஐடியா! உங்க ஃப்ரெண்டு எந்த யூனிட்டை மட்டும் படிக்கிறான்னு அவன் சொல்லமாட்டேங்கறான்னு வைங்க. ஒண்ணாவது யூனிட்ல நிறைய கேள்வி வந்த டெஸ்ட்டுல எல்லாம் அவன் தொண்ணூறு. அஞ்சாவது யூனிட் வந்தா இருபது. கேட்காமலேயே கண்டுபிடிச்சிடலாம்ல? அதே மாதிரி, 12 முக்கிய மர இனங்கள் எந்தக் காலகட்டத்துல நல்லா வளர்ந்தது, எப்போ திணறுச்சுன்னு பார்த்தாங்க. அந்த ஏற்ற இறக்கம் எந்த ஆழத்துத் தண்ணியோட ஒத்துப்போகுதோ, அதுதான் அந்த இனம் குடிக்கும் ஆழம். மத்த இனங்களோட ஒப்பிட்டு 'இது மேல, இது கீழ'ன்னு வரிசைப்படுத்தினாங்க.

நம்ம இன்ஜினீயரிங் புத்திக்கு உடனே ஒரு சந்தேகம் வரும். மாடல்தானே... என்ன வேணா சொல்லுமே? அதையும் யோசிச்சிருக்காங்க. ஆழத்தைக் கண்டுபிடிக்க வளர்ச்சிக் கணக்கை மட்டும்தான் பயன்படுத்தினாங்க. சாவுக் கணக்கைத் தனியா எடுத்து வெச்சு, அதை வெச்சு மாடலுக்கே பரீட்சை நடத்தினாங்க. மாடல் பாஸ்!

பாட்டி, ஸாரி!

முடிவு என்ன தெரியுமா? அந்த நீண்ட வறட்சிக்கு அதிகமா பலியானது, ஆழத்துத் தண்ணியை நம்பி இருந்த இனங்கள்!

எப்படி? இங்கதான் எஃப்.டி. வருது. மேல்மண் தண்ணி நம்ம சேவிங்ஸ் அக்கவுன்ட் மாதிரி. சீக்கிரம் காலியாகும், ஒரு மழை வந்தா சீக்கிரமே நிரம்பும். ஆழத்துத் தண்ணி ஃபிக்ஸட் டெபாசிட். சாதாரண வருஷங்கள்ல மழை கொஞ்சம் குறைஞ்சாலும் அதை நம்பி ஜம்முனு வளரலாம். ஆனா, வறட்சி பல வருஷம் நீடிச்சு அந்த எஃப்.டி.யும் காலியாயிட்டா, மறுபடி சேர்க்க ரொம்ப காலம் ஆகும். ஏன்னா, மேல் பக்கெட்டெல்லாம் நிரம்பி வழிஞ்ச பிறகுதான் கீழே வரும். மழை திரும்பி வந்தும் அந்த மரங்களுக்கு வறட்சி முடியலை!

ஒரே காடு, ஒரே மழை. ஆனா, பக்கத்துப் பக்கத்துல நிக்கற ரெண்டு மரம் வேற வேற வறட்சியை அனுபவிக்குது.

'அப்போ ஆழமா வேர் விடறதே தப்பா?'ன்னு கேட்டா, அதுவும் இல்லை. இதே ருதுஜா, குழுவினரோட பனாமா நாட்டின் பாரோ கொலராடோ தீவுக் காட்டுல ஆராய்ச்சி பண்ணி 2021-ல் வெளியிட்டார். அங்கே குழாய் சீக்கிரம் அடைச்சுக்கற பலவீனமான மரங்களை வறட்சியில காப்பாத்தினதே ஆழத்துத் தண்ணிதான்! அங்கே வருஷத்துக்குச் சுமார் 2,600 மில்லிமீட்டர் மழை. முதுமலையில சுமார் 1,200 மில்லிமீட்டர். பேங்க்ல போடற பணம் வேற, வறட்சியோட நீளமும் வேற. ரெண்டு காட்டுக்கும் ஒரே ரூல் சரிப்படாதுன்னு எனக்குத் தோணுது.

நமக்கு என்ன?

பூமி சூடாகச் சூடாக காத்து மரத்துகிட்ட இருந்து உறிஞ்சுற தண்ணி அதிகமாகுது. நாளைக்கு எந்தக் காட்டுல எந்த மரம் மிஞ்சும்னு சொல்ல, 'வருஷத்துக்கு இத்தனை மில்லிமீட்டர் மழை'ங்கற ஒரே நம்பர் போதாது. மண்ணுக்குக் கீழே என்ன பேலன்ஸ் இருக்குன்னு தெரியணும். அதைக் கணக்குப் போட கோடிங் தெரிஞ்சவங்க வேணும், சிவில் படிச்சவங்க வேணும், வெயில்ல நின்னு டேப் வெச்சு மரத்தை அளக்கறவங்களும் வேணும். முப்பது வருஷத்துக்கு மேல பொறுமையா எடுத்த அட்டென்டன்ஸ் இல்லேன்னா, எந்த மாடலும் வெறும் கேம்தான்.

போன லீவுல ஊருக்குப் போனப்ப பாட்டிகிட்ட இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "ஆமாண்டா... மழை வந்த மறுவாரமே நம்ம கிணறு ஊறிடும். மேட்டு வீட்டு போர்ல தண்ணி வர இன்னும் நாளாகும்ல"ன்னாங்க. இருபது வருஷ டேட்டாவை ஒரே வரியில சொல்லிட்டாங்க!

அடுத்த தடவை டி.வி.யில 'தேவாலாவில் கனமழை'ன்னு கேட்டா, 'அப்பாடா, வறட்சி முடிஞ்சது'ன்னு சேனலை மாத்திடாதீங்க. பல அடிக்குக் கீழே ஏதோ ஒரு வேர் இன்னும் பாஸ்புக்கைப் பார்த்துக்கிட்டு காத்திருக்கலாம்!