மூன்று சென்டிமீட்டர் இறக்கினால்

இந்தியாவின் முதல் சுகோய்-30 எம்கேஐ போர் விமானங்கள் 2002-இல் புனேயின் லோஹேகாவ் தளத்தில்தான் விமானப் படையில் சேர்ந்தன. நகரத்தின் பயணிகள் விமானங்கள் இறங்குவதும் அங்கேதான். அறுபது டன் எடையோடு ஒரு பயணிகள் விமானம் அந்த ஓடுதளத்தைத் தொடும்போது, அது கீழ்நோக்கி வரும் வேகம் வழக்கமாக விநாடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவு. மோசமான இறக்கத்தையும் சமாளிக்க வேண்டும் என்பதால் விநாடிக்கு 3 மீட்டர் வரை தாங்கும்படி அதன் சக்கரக் கால்களைச் செய்கிறார்கள். அந்தக் கால்களுக்குள் வேலை செய்பவை இரண்டே பொருள்கள்: அழுத்தப்பட்ட நைட்ரஜனும் எண்ணெயும். வாயு ஸ்பிரிங்காக இருந்து எடையைத் தாங்குகிறது. எண்ணெய் சிறு துளைகள் வழியே பிதுங்கி, விழுந்த அடியை வெப்பமாக்கி விடுகிறது. அதனால்தான் விமானம் பந்துபோல் எகிறுவதில்லை.

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்து வாகோலி பக்கம் காரை ஓட்டுங்கள். வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இந்திய சாலைக் காங்கிரஸ் 1988-இல் வரையறுத்தது: அகலம் 3.7 மீட்டர், நடுவில் உயரம் 10 சென்டிமீட்டர், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. மணிக்கு 25 கிலோமீட்டரில் கடப்பதற்கான அளவு இது. அந்த வேகத்தில் ஏறும்போது சக்கரம் விநாடிக்கு ஏறக்குறைய முக்கால் மீட்டர் வேகத்தில் மேலே தள்ளப்படுகிறது. கவனிக்காமல் 50-இல் போனால் ஒன்றரை மீட்டர். எடையை விட்டுவிட்டு அசையும் வேகத்தை மட்டும் பார்த்தால், லோஹேகாவில் இறங்கும் விமானத்தின் கால் வழக்கமாக வாங்குவதைவிட வேகமான அடியை, அந்த நொடியில் உங்கள் காரின் ஷாக் அப்சார்பர் வாங்குகிறது. அதுவும் ஒரு நாளில் எத்தனை முறை!

இந்த ஊருக்கு வடக்கே சாக்கனில்தான் ஃபோக்ஸ்வாகன் வெர்ட்டஸ் ஜிடி தயாராகிறது. 1.5 லிட்டர் டர்போ, 150 குதிரைத்திறன், 2022-இல் விற்பனைக்கு வந்தது. இன்று இந்திய இளைஞர்கள் ஆசைப்படும் வேகமான செடான்களில் ஒன்று. ஆள் ஏறாத நிலையில் அதன் தரை இடைவெளி 179 மில்லிமீட்டர். நம் சாலைகளுக்காகக் கொடுத்த உயரம். ஆனால் பக்கவாட்டில் நின்று பார்த்தால் டயருக்கும் மட்கார்டு வளைவுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம் தெரியும். அந்த இடைவெளிதான் பலரின் கண்ணை உறுத்துகிறது. "முப்பது எம்எம் இறக்கிட்டா லுக்கே மாறிடும், ரோட்டோட ஒட்டிக்கிட்டு போகும்" என்று யாராவது சொல்வார்கள். லுக் மாறும் என்பது உண்மை. ஒட்டிக்கொண்டு போகுமா என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் ஸ்பிரிங். காயில் ஸ்பிரிங்கை அமுக்கும்போது கம்பி வளைவதாகத் தோன்றும். உண்மையில் அது முறுக்கிக்கொள்கிறது. ஈரத் துணியைப் பிழியும்போது துணி முறுக்குவதுபோல், கம்பி தன் நீளவாக்கில் திருகுகிறது. முறுக்கை எதிர்க்கும் பலம் கம்பியின் தடிமனுக்கு நான்காம் அடுக்கில் ஏறும். 12 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 13 மில்லிமீட்டர் போட்டால், ஒரே ஒரு மில்லிமீட்டருக்கு ஸ்பிரிங் 38 சதவீதம் விறைப்பாகிவிடும். சுருள்களின் எண்ணிக்கை குறைந்தாலும் விறைப்பு கூடும். வேலை செய்யும் ஆறு சுருளில் ஒன்றை வெட்டிவிட்டால் 20 சதவீதம் விறைப்பு. சில பட்டறைகளில் கிரைண்டரால் ஒரு சுருளை அறுத்து காரை இறக்குகிறார்கள். கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டி ஸ்பிரிங்கை உட்கார வைக்கிறவர்களும் உண்டு. வெட்டிய முனை தன் இருக்கையில் சரியாகப் பொருந்தாது. நெருப்பு பட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும். அந்தக் கம்பி என்றைக்கு உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. உயிரோடு விளையாடுகிற வேலை அது.

கார் எடைக்கு ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறதோ, அதிலிருந்தே கார் ஒரு விநாடிக்கு எத்தனை முறை ஆடும் என்று சொல்லிவிடலாம். 25 சென்டிமீட்டர் அமுங்கினால் விநாடிக்கு ஒரு ஆட்டம். 11 சென்டிமீட்டர் என்றால் ஒன்றரை. காரின் எடை எத்தனை கிலோ என்றே தெரிய வேண்டாம், இந்த அமுக்கம் போதும். சாதாரணக் கார்கள் இந்த ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில்தான் இருக்கின்றன. விநாடிக்கு நான்கு முதல் எட்டு வரையிலான ஆட்டம்தான் மனித உடலை அதிகம் வதைப்பது. உட்கார்ந்திருப்பவரின் வயிறும் முதுகும் அந்தத் தாளத்துக்கு ஒத்து அதிரத் தொடங்கும். ஸ்பிரிங்கை விறைப்பாக்குவது என்றால் அந்தத் திசையில் நகர்வது.

முன்னும் பின்னும் ஒரே தாளத்தில் ஆடக்கூடாது என்பது இன்னொரு அதிசயம். 1930-களில் கேடிலாக்கில் வேலை பார்த்த மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் இதை ஆராய்ந்தார். வெர்ட்டஸின் அச்சுகளுக்கு நடுவே 2.65 மீட்டர். மணிக்கு 60-இல் போகும்போது முன்சக்கரம் மேட்டில் ஏறி 0.16 விநாடி கழித்துத்தான் பின்சக்கரம் ஏறும். முன்பக்கம் முந்திக்கொண்டு ஆடத் தொடங்கிவிட்டது. பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடினால்தான் அதை எட்டிப்பிடித்து, வண்டி மூக்கை ஆட்டாமல் மட்டமாக எழும்பி இறங்கும். அதனால் பின்ஸ்பிரிங்கின் தாளம் சற்று வேகமாக இருக்க வேண்டும் என்றார் ஆலி. முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் ஒரு கம்பெனி என்று கிடைத்த ஸ்பிரிங்கை மாட்டினால் போவது இந்தப் பொருத்தம்தான்.

இனி ஷாக் அப்சார்பர். பட்டறையில் கழற்றிப் போட்ட ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் தண்டை மெதுவாக அமுக்கினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். வேகமாகக் குத்தினால் சுவரில் குத்தியதுபோல் நிற்கும். வெளியே இழுக்கும்போது இன்னும் கடினம். கெட்டுப்போனதில் தண்டைச் சுற்றி எண்ணெய் கசிந்து, சாலைத் தூசி அதில் ஒட்டிக் கறுத்த பசையாக இருக்கும். அமுக்கினால் பாதி தூரம் எதிர்ப்பே இல்லாமல் போகும். தண்டின் மேல் செருகியிருக்கும் பம்ப் ஸ்டாப் என்ற சிறிய ரப்பர் நுரை உருளை பொடிப்பொடியாக உதிரும். ஸ்பிரிங் ஆற்றலை வாங்கி அப்படியே திருப்பிக் கொடுக்கும். அதைத் திரும்ப வராமல் வெப்பமாக்குவது இந்த எண்ணெய்க் குழல். 1961-இல் தொடங்கிய கேப்ரியல் இந்தியா இதைச் சாக்கனிலும் நம் ஒசூரிலும் செய்கிறது.

ஸ்பிரிங் விறைப்பானால் அதை அடக்க எவ்வளவு எதிர்ப்பு வேண்டும் என்ற கணக்கும் மாறும். 30 சதவீதம் விறைப்பான ஸ்பிரிங்கைப் பழைய ஷாக்கோடு சேர்த்தால், அடக்கும் திறன் ஏறக்குறைய 12 சதவீதம் குறைந்துவிடுகிறது. ஷாக்கில் எதுவும் கெடவில்லை, ஆனால் அதன் எதிராளி பலசாலியாகிவிட்டான். புது ஸ்பிரிங் போட்ட சில நாளிலேயே "வண்டி குதிக்குது" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

நீளத்திலும் ஒரு சிக்கல் உண்டு. விறைப்பான ஸ்பிரிங் கார் எடைக்குக் குறைவாகத்தான் அமுங்கும். முன்பு 15 சென்டிமீட்டர் அமுங்கியது இப்போது பதினொன்றரைதான். அப்படியே விட்டால் கார் மூன்றரை சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். அதையும் ஈடுகட்டி, மேலும் 3 சென்டிமீட்டர் இறக்க வேண்டுமானால், ஸ்பிரிங்கின் சும்மா இருக்கும் நீளத்தில் ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டரைக் குறைக்க வேண்டும். ஜாக் போட்டுத் தூக்கும்போதோ பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போதோ பழைய நீள ஷாக் முழுதாக நீளும். குட்டை ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு விலகலாம். இதனால்தான் நல்ல கம்பெனிகள் இறக்கிய காருக்குத் தனி ஷாக் செய்கின்றன. உதாரணமாக, பில்ஸ்டைன் நிறுவனத்தின் பி6, கார் தயாரிப்பாளர் கொடுத்த உயரத்துக்கு. பி8 குட்டை ஸ்பிரிங்குக்கு என்று நீளம் குறைத்துச் செய்தது. பார்க்க இரண்டும் ஒன்றுபோல் இருக்கும்.

மேல்நோக்கிப் போகும் இடமும் குறைகிறது. உதாரணத்துக்கு, பம்ப் ஸ்டாப்பைத் தொடும் முன் சக்கரம் 8 சென்டிமீட்டர் மேலே போக முடியும் என்று வைப்போம். 3 இறக்கினால் மீதி 5. அதே அடியை 8-க்குப் பதில் 5 சென்டிமீட்டரில் ஸ்பிரிங் தாங்க வேண்டுமானால் அது இரண்டரை மடங்கு விறைப்பாக வேண்டும். அவ்வளவு விறைத்த காரில் தினமும் உட்கார்ந்து வேலைக்குப் போக முடியாது. ஆகவே கடையில் விற்கும் ஸ்பிரிங் அந்த அளவுக்கு வருவதில்லை. மீதி அடி பம்ப் ஸ்டாப்புக்கும் ஷாக்குக்கும் உங்கள் இடுப்புக்கும் போகிறது.

சரி, இவ்வளவும் கொடுத்து வளைவில் என்ன கிடைக்கிறது? திருப்பத்தில் உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்கு எடை மாறும். எவ்வளவு மாறும் என்பது கார் எடை மையத்தின் உயரத்தைப் பொறுத்தது. தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் என்று வைத்தால், 3 சென்டிமீட்டர் இறக்கம் கொடுப்பது சுமார் 5 சதவீத லாபம். அவ்வளவுதான். இன்னொரு பக்கம் நட்டமும் இருக்கிறது. வெர்ட்டஸ் உட்பட நம் கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் மெக்பர்சன் ஸ்ட்ரட் வகை. இதில் கார் சாயும்போது கண்ணுக்குத் தெரியாத ஓர் அச்சைச் சுற்றிச் சாய்கிறது. அந்த அச்சின் உயரத்தை, சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் காரோடு இணைக்கும் லோயர் ஆர்மின் சாய்வு தீர்மானிக்கிறது. காரை இறக்கினால் லோயர் ஆர்மின் வெளிமுனை மேல்நோக்கித் திரும்பும். அச்சு, கார் இறங்கியதைவிட அதிகமாகக் கீழே போய்விடும். எடை மையத்துக்கும் அச்சுக்கும் உள்ள தூரம், அதாவது காரைச் சாய்க்கும் நெம்புகோல், நீண்டுவிடும். விறைப்பு குறைந்த ஸ்பிரிங்கால் இறக்கிய கார் முன்பைவிட அதிகமாகச் சாயக்கூடும்! இறக்கிய கார் நிமிர்ந்து போவதாக நாம் உணர்வது பெரும்பாலும் உயரத்தால் அல்ல, ஸ்பிரிங்கின் விறைப்பால். அந்த விறைப்பை உயரத்தைத் தொடாமலும் பெறலாம். கூடவே ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணமும் மாறுவதால் வீல் அலைன்மென்ட் கட்டாயம். பார்க்காமல் விட்டால் டயரின் ஒரு ஓரம் மட்டும் சில ஆயிரம் கிலோமீட்டரில் வழுக்கையாகும்.

மீண்டும் வேகத்தடைக்கு வருகிறேன். அளவுப்படி கட்டிய தடையின் நடுவில் வெர்ட்டஸ் நிற்கும்போது நான்கு சக்கரமும் தடையின் மேலேயே இருக்கும். வயிற்றுப் பக்கம் தடை தின்னும் உயரம் 5 சென்டிமீட்டர் மட்டுமே. 3 இறக்கிய காரும் நான்கு பேரோடு இடிக்காமல் தாண்டும். ஆனால் குடியிருப்புச் சந்துகளில் தாரைக் கொட்டி எழுப்பிய ஓரடி அகல மேடு அப்படியல்ல. சக்கரங்கள் இருபுறமும் தரையில் இருக்க, மேடு முழு உயரத்தோடு வயிற்றை நெருங்கும். நான்கு பேர் ஏறி வண்டி ஒரு 3 சென்டிமீட்டர் அமுங்கியிருந்தால் கம்பெனிக் காருக்கு மீதி 15. 13 சென்டிமீட்டர் மேட்டை அது மயிரிழையில் தாண்டும். இறக்கிய காருக்கு மீதி 12; அடிவயிறு உரசும். அளவு மீறிய மேடுகளைச் சாலைத்துறை நீக்கினால் நம் கார் எல்லாமே நன்றாக ஓடும். அதுவரை தரை இடைவெளி ஆடம்பரம் அல்ல.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூலக் குறிப்புக்கு மாறாகும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதைக் கண்டிப்பாகவே எடுத்துக்கொண்டது. ஆர்டிஓவிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் முதலில் எழுதிக் கேளுங்கள்.

இறக்கியே ஆக வேண்டும் என்பவர்களுக்கு: இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டாதீர்கள். முன்னும் பின்னும் சேர்த்து வடிவமைத்த ஸ்பிரிங் தொகுப்பை, அந்த நீளத்துக்கென்றே செய்த ஷாக்கோடும் புது பம்ப் ஸ்டாப்போடும் ஒரே நாளில் மாற்றுங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் நல்ல ஷாக்கை வாங்குங்கள். ஸ்பிரிங்கைக் கம்பெனி உயரத்திலேயே விடுங்கள்.