வால்வின் வழிகாட்டியும் இருக்கையும்

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குச் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்த ஊர் தவளக்குப்பம். பேருந்துகளும் சரக்கு வண்டிகளும் இரவு பகலாக அவ்வழியே ஓடுகின்றன. அண்மையிலுள்ள பாகூர் வயல்களிலோ டிராக்டர்கள் உழுகின்றன. இவை யாவற்றுக்கும் ஆற்றல் அளிப்பது எஞ்சினே. நெடுங்காலம் உழைத்த எஞ்சின் ஒருநாள் தளர்வுறும், மேட்டில் ஏறத் திணறும், புகை மிகும், எரிபொருள் வீணாகும். அந்நிலையில் பட்டறைத் தொழிலாளர் கழற்றி ஆராயும் உறுப்புகளுள் தலையாயது, சிலிண்டரின் மேல் மூடியாக அமைந்த 'ஹெட்டு' ஆகும்.

ஹெட்டில், காற்று உட்புக ஒரு வழியும் புகை வெளியேற ஒரு வழியும் உண்டு. அவ்வழிகளைத் திறந்து மூடும் கதவுகளே வால்வுகள். வால்வு காளான் போன்ற வடிவினது. மெல்லிய தண்டும் அகன்ற தலையும் உடையது. தண்டு வழுவாமல் ஏறி இறங்கத் துணைபுரியும் குழல் 'கைடு' எனப்படும். தலை வந்து அமரும் வளையம் 'சீட்டு' எனப்படும். முன்னது வழிகாட்டி, பின்னது இருக்கை.

நான்கு வீச்சு எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 முறை சுழலுமாயின், ஒவ்வொரு வால்வும் 1,500 முறை திறந்து மூடும். அதாவது நொடிக்கு 25 முறை. புகைவழி வால்வின் தலை ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். அவ்வெப்பத்தின் பெரும்பகுதி, வால்வு மூடியிருக்கும்போது சீட்டின் வழியாகவும், எஞ்சியதில் பெரும்பங்கு கைடின் வழியாகவும் ஹெட்டுக்குச் சென்று தணிகிறது. வால்வு ஒருபுறம் சரியாகப் படியாவிடின், அனல் அவ்விடுக்கின் வழியே பீறிட்டு விளிம்பை அரித்துவிடும்.

பழைய பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றில் தனிச் சீட்டு இல்லை. வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே அது கடையப்பட்டிருந்தது. அக்காலப் பெட்ரோலில் சேர்க்கப்பட்ட ஈயச் சேர்மம் அதன்மேல் படிந்து, தேய்மானத்தைக் குறைத்தது. ஆனால் ஈயம் நஞ்சாகும்; குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. ஆதலால் 2000ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் நடைமுறைக்கு வந்தது. மக்களுக்கு நன்மை விளைந்தது. எனினும் கடுமையாக உழைக்கும் பழைய எஞ்சின்களில் சீட்டு விரைந்து தேயலாயிற்று. தேய்ந்த இடத்தைக் கடைந்தெடுத்து, கடினமான உலோக வளையத்தைப் பதிப்பதே அதற்குத் தீர்வு. அலுமினிய ஹெட்டு மென்மையானது. ஆதலின் அதற்குத் தொடக்கத்திலேயே தனி வளையம் பொருத்துவர்.

இவ்வளையத்தைப் பற்றிநிற்கச் செய்வது இறுக்கமே. வளையம் துளையைவிடச் சிறிதளவு பெரிதாக இருக்கும். பெரிய பொருள் சிறிய துளையில் எவ்வாறு புகும்? மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடும் கொல்லர் இதற்கு விடை அறிவார். அவர் பட்டையைக் காய்ச்சி விரியச் செய்து மாட்டுகிறார். குளிர்ந்ததும் அது சக்கரத்தை இறுகப் பற்றுகிறது. பட்டறையிலும் அதே முறைதான். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினியத் துளை, 100 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 0.09 மில்லிமீட்டர் விரியும். வளையத்தை உலர்பனியில் வைத்தால் அது சுருங்கும். அப்போது எளிதில் புகுந்த வளையம், பின்னர் அசையாது நிற்கும். இறுக்கம் குறைந்தால் ஓட்டத்தின்போது வளையம் கழன்று, எஞ்சினையே நொறுக்கிவிடக்கூடும். மிகுந்தால் ஹெட்டு வெடிப்புறும்.

வேலையின் வரிசைமுறை மாறலாகாது. முதலில் தேய்ந்த கைடை நீக்கிப் புதியதை இறுக்கமாகச் செலுத்துவர். செலுத்தும்போது அதன் துளை சற்றே குறுகக்கூடும். ஆதலின் ரீமரால் அதனைச் சீர்செய்வர். தண்டுக்கும் கைடுக்கும் இடைவெளி மிகுந்தால் எண்ணெய் கசிந்து புகையும். குறைந்தால் தண்டு சிக்கிக்கொள்ளும். கைடு முற்றுப்பெற்ற பின்னரே சீட்டின் முகத்தைப் பெரும்பாலும் 45 டிகிரிச் சாய்வில் வெட்டுவர். வெட்டுங்கருவியின் நடுத்தண்டு கைடின் துளையிலேயே நிற்பதால், கைடு கோணினால் சீட்டும் கோணும். ஆகவே முறையை மாற்றுவோர், செய்த வேலையை மீண்டும் செய்ய நேரிடும்.

இறுதியில் சாணைப்பசை தடவி, வால்வைச் சீட்டின்மேல் முன்னும் பின்னும் சுழற்றித் தேய்ப்பர். சாம்பல் நிறக் கோடு விடுபடாமல் சுற்றிலும் தோன்றினால் இரண்டும் ஒன்றியுள்ளன எனக் கொள்ளலாம். பசையின் துகள் ஒன்றும் தங்காதவாறு கழுவியபின், வால்வுகளைச் சுருள்வில்லுடன் பூட்டி, ஹெட்டைக் கவிழ்த்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிவைச் சோதிப்பர்.

ஹெட்டை மூடியபின் இவ்வேலையை எவரும் காண இயலாது. நூறில் சில பங்கு மில்லிமீட்டர் பிழையும் கண்ணுக்குப் புலப்படாது. ஆயினும் பேருந்து பயணிகளுடன் நடுவழியில் நிற்பதும், உழவர் பருவத்தே நிலத்தை உழுது முடிப்பதும் அவ்வளவிலேயே அடங்கியுள்ளன. பிறர் காணாத இடத்திலும் அளவு தவறாமல் செய்வதே தொழிலின் நேர்மையாகும்.