சொந்தம் வந்தா அரை சென்டிமீட்டர்... பனி வந்தா ஒன்பது!

ஒரு நிமிஷம் கண்ணை மூடி கற்பனை பண்ணுங்க பாஸ்! அரியர் எல்லாம் க்ளியர். வேலை கிடைச்சாச்சு. கல்யாணமும் ஆயாச்சு. நீங்களும் உங்க ஜோடியும் குடியிருக்கிறது ஒரு படகுல. வாசல்ல தண்ணி, கொல்லையில தண்ணி, ஜன்னலைத் திறந்தாலும் தண்ணி. மாசம் ஜனவரி. வெளியே மைனஸ் 5 டிகிரி. அந்த நேரம் பார்த்து கரையிலிருந்து ஒரு போன்... "மாப்ளே, எட்டு பேரு வந்து எறங்கிட்டோம். கூட்டிட்டுப் போக படகை அனுப்புங்க!"

என்ன பண்ணுவீங்க?

"இதெல்லாம் நமக்கு ஜுஜுபி"ன்னு அவனியாபுரம் பசங்க காலரைத் தூக்குறது தெரியுது. தை 1-ம் தேதி ஜல்லிக்கட்டுன்னா ஊர்ல இருக்குற அத்தனை மொட்டை மாடியிலும் சொந்தக்காரங்கதான். மாமன், மச்சான், சித்தப்பா, அவரோட ஃப்ரெண்டு, அந்த ஃப்ரெண்டோட பங்காளின்னு வந்து இறங்குவாய்ங்க. பாயை விரிச்சுப் போட்டா படுத்துக்குவாய்ங்க. குளிர்னு சொல்லிப் போர்த்திக்கிட்டாலும், தெர்மாமீட்டர் 20 டிகிரியைச் சுத்தித்தான் நிக்கும்!

அதே ஜனவரி. வடக்கே காஷ்மீர்ல, ஸ்ரீநகர் தால் ஏரியில, படகையே வீடா வெச்சு வாழுற குடும்பங்கள் இருக்கு. அங்கேயும் குளிர்காலம்தான் சொந்தபந்தம் வர்ற சீஸன். அவங்க எப்படி சமாளிக்கிறாங்கன்னு பார்த்தா, நம்ம சிலபஸ்ல இருக்குற பாதி பாடம் அந்தப் படகுக்குள்ளேயே கிடக்கு!

தண்ணிக்குள்ளே ஒரு தெரு

'ஹவுஸ்போட்'னதும் ஆலப்புழை ஞாபகம் வருதா? அது ஊர் சுத்துற படகு. தால் ஏரி ஹவுஸ்போட் நகராது. கட்டிப் போட்ட இடத்துலயே வருஷக்கணக்கா நிக்கும். கரையிலிருந்து ஷிகாராங்கிற சின்னப் படகுல ஏறித்தான் வீட்டுக்குப் போகணும். அங்கே ஷேர் ஆட்டோ, டூவீலர் எல்லாமே ஷிகாராதான்.

இந்தப் படகு மக்களுக்கு 'ஹாஞ்சி'ன்னு பேர். பல தலைமுறையா தண்ணிமேலயே வாழ்ந்தவங்க. அவங்களோட பழைய வீடு 'டூங்கா'ங்கிற எளிமையான மரப் படகு. 19-ம் நூற்றாண்டோட கடைசியில வெள்ளைக்காரங்க காஷ்மீருக்குக் கோடைக்கு வர ஆரம்பிச்சாங்க. ஆனா, வெளியாட்கள் அங்கே நிலம் வாங்க மகாராஜா ஆட்சியில அனுமதி கிடையாது. "நிலத்துலதானே கூடாது, தண்ணியில?"ன்னு யாரோ யோசிச்சிருக்காங்க. டூங்கா வளர்ந்து, ஹால், டைனிங் ரூம், வரிசையா பெட்ரூம்னு தேவதாரு மரத்துல ஒரு பங்களாவே மிதக்க ஆரம்பிச்சது. தண்ணியில சீக்கிரம் உளுத்துப் போகாதுங்கிறதாலதான் தேவதாரு.

இதுல ஒரு விஷயம் கவனிங்க. முன்னாடி நிக்கிற பெரிய படகு பெரும்பாலும் டூரிஸ்ட்டுக்கு. படகுக்காரர் குடும்பம் பலதும் அதுக்குப் பின்னாடி ஒட்டி நிக்கிற சின்னப் படகுலதான் குடித்தனம் நடத்தும். போட்டோவுல நாம பார்த்து 'வாவ்' சொல்றது முன்படகை. சமையல், சண்டை, சிரிப்பு, ஹோம்வொர்க் எல்லாம் நடக்குறது பின்படகுல!

நாப்பது நாள் நடுக்கம்

டிசம்பர் 21-ல ஆரம்பிச்சு ஜனவரி 30 வரைக்கும் நாப்பது நாளை அங்கே 'சில்லை கலான்'னு சொல்றாங்க. பெருங்குளிர் காலம். நமக்கு ஒரு மண்டலம்னா 48 நாள்; அவங்களுக்கு இந்த 40. அது முடிஞ்சதும் 20 நாள் சின்னக் குளிர், அப்புறம் 10 நாள் குட்டிக் குளிர்னு தவணை முறையில இறங்கும். 2021 ஜனவரியில ஸ்ரீநகர்ல மைனஸ் 8.8 டிகிரி வரைக்கும் போச்சு. 30 வருஷத்துல அப்படி ஒரு குளிர் இல்லை. ஏரி மேல ஐஸ் படிஞ்சா, துடுப்பால ஐஸை உடைச்சு உடைச்சுத்தான் ஷிகாராவுக்கு வழி பண்ணணும்.

இந்த நேரத்துல யாருங்க சொந்தக்காரங்க வீட்டுக்குக் கிளம்புவாங்கன்னு கேக்குறீங்களா? நமக்கு மே மாசம் பெரிய லீவு மாதிரி, காஷ்மீர் பள்ளிக்கூடங்களுக்குக் குளிர்காலத்துலதான் நீண்ட லீவு. லீவு விட்டா பிள்ளைங்க எங்கே போகும்? அம்மாச்சி வீட்டுக்குத்தான்! அம்மா பிறந்த வீட்டுக்குக் காஷ்மீரியில 'மாதமால்'னு தனிப் பேரே இருக்கு. அந்த மாதமால் ஒரு படகா இருந்துட்டா?

கொஞ்சம் ஆர்க்கிமிடீஸ்...

இப்போ நம்ம எட்டு பேருக்கு வருவோம். "இத்தனை பேரு ஏறினா படகு தாங்குமா?" இதுதானே முதல் பயம்? கால்குலேட்டரை எடுங்க.

படகோட அடிப்பகுதி 30 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம்னு தோராயமா வெச்சுக்குவோம். பரப்பு 120 சதுர மீட்டர். படகு ஒரு சென்டிமீட்டர் கீழே இறங்கணும்னா 1.2 கன மீட்டர் தண்ணியை ஒதுக்கணும். அதாவது 1,200 கிலோ எடை ஏறணும். எட்டு பேரும் அவங்க மூட்டை முடிச்சும் சேர்ந்தா 600 கிலோ இருக்குமா? ஸோ, படகு இறங்குறது அரை சென்டிமீட்டர். அவ்வளவுதான்!

இப்போ கூரை மேல ராத்திரி ஒரு அடி பனி பெய்யுதுன்னு வைங்க. புதுசா விழுந்த பஞ்சுப் பனின்னா கன மீட்டருக்கு 100 கிலோ. கிட்டத்தட்ட மூணரை டன் ஏறும். படகு 3 சென்டிமீட்டர் இறங்கும். அதே ஒரு அடி, ஈரமா இறுகின பனியா இருந்தா கன மீட்டருக்கு 300 கிலோ. மொத்தம் 10 டன்னுக்கு மேலே! படகு 9 சென்டிமீட்டர் உள்ளே போகும். எப்பவும் தண்ணிக்கு மேல காய்ஞ்சு கிடக்குற பழைய பலகை இடுக்கெல்லாம் அன்னைக்குத் தண்ணிக்குக் கீழே போகும். தண்ணி கசிய ஆரம்பிச்சா படகு இன்னும் இறங்கும். இன்னும் இறங்கினா இன்னும் கசியும். அதனாலதான் பனி பெய்யுற ராத்திரியில படகுக்காரங்க தூங்க முடியாது. கூரை மேல ஏறித் தள்ளிக்கிட்டே இருக்கணும். தள்ளாம விட்ட படகு மூழ்கிப் போறதும் உண்டு.

ஆக, சொந்தக்காரங்க பாரமே இல்லை பாஸ். கையில மண்வெட்டியைக் கொடுத்தா எட்டு பேரும் உதவி!

சூடும் ஆபத்தும்

ஸ்ரீநகர்ல கரையில இருக்குற பல வீடுகள்ல 'ஹமாம்'னு ஒரு அறை உண்டு. தரை முழுக்கக் கல். அடியில விறகை எரிச்சா, மணிக்கணக்கா தரையே சூடா இருக்கும். மொத்தக் குடும்பமும் அதுமேல உட்கார்ந்து அரட்டை அடிக்கும். படகுல மரத்தரைதானே? அடியில தீ மூட்டவா முடியும்? அதனால படகுக்கு 'புகாரி'ங்கிற இரும்பு அடுப்பும் 'காங்க்ரி'யும்தான் கதி.

காங்க்ரின்னா மண் சட்டி, சுத்திக் கூடை மாதிரி பின்னல், உள்ளே கரி நெருப்பு. அதை 'ஃபெரன்'ங்கிற தொளதொள அங்கிக்குள்ள வெச்சுக்கிட்டே நடமாடுவாங்க. எட்டு விருந்தாளின்னா எட்டு காங்க்ரி. கேக்க ஜாலியா இருக்கு. ஆனா கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தின அறையில கரி எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு சேரும். நிறம் இல்லை, வாசனை இல்லை. நம்ம ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபின் ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேலே இதைத்தான் இறுக்கிப் பிடிச்சுக்கும். தூங்கினவங்க எழுந்திரிக்காமப் போறது இப்படித்தான்.

இன்னொரு பயம் தீ. காய்ஞ்ச தேவதாரு, உள்ளே அடுப்பு, பக்கத்துப் பக்கத்துல படகுகள். தீயணைப்பு வண்டி தண்ணி மேல ஓடி வராது. 2023 நவம்பர்ல ஒரு அதிகாலை தால் ஏரியில பிடிச்ச தீயில பல படகுகள் எரிஞ்சு போச்சு. வங்கதேசத்திலிருந்து வந்திருந்த 3 சுற்றுலாப் பயணிகள் இறந்துட்டாங்க. சுத்திலும் தண்ணி இருந்தும்!

ஒரே தட்டு, நாலு கை

சோகம் போதும், சாப்பாட்டுக்கு வருவோம். ஏரி உறைஞ்சு, ரோடு அடைபட்டா மார்க்கெட்டுக்குப் போறது கஷ்டம். அதனால கோடையிலேயே கத்திரிக்காய், தக்காளி, சுரைக்காய் எல்லாத்தையும் நறுக்கிக் காய வெச்சுடுவாங்க. நம்ம வீட்டுல சுண்டவத்தல், மிதுக்க வத்தல் போடுற அதே டெக்னிக்! ஏரியிலேயே விளையுற தாமரைத் தண்டுக்கு 'நத்ரு'ன்னு பேர். குழம்பு, வறுவல் ரெண்டுக்கும் ஓகே. காலையில 'ஹரிஸா'... ஆட்டுக்கறியை ராத்திரி முழுக்க வேக வெச்சு மசிச்ச குளிர்காலப் பலகாரம். டீயில சர்க்கரைக்குப் பதிலா உப்பு!

விசேஷ விருந்துன்னா 'திராமி'ங்கிற பெரிய தட்டு. ஒரு தட்டைச் சுத்தி நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுவாங்க. எட்டு பேருக்கு ரெண்டே தட்டு. பாத்திரம் கழுவுற தண்ணி மிச்சம்! இது சும்மா ஜோக் இல்லை. சுத்திலும் ஏரி இருந்தாலும் குடிக்கிற தண்ணி கரையிலிருந்து பைப்லதான் வருது. குளிர்ல அந்தப் பைப் உறைஞ்சு போனா, வெந்நீரை ஊத்தி ஊத்தித்தான் குழாயைத் திறக்கணும்.

ஃப்ளஷ் பண்ணினா எங்கே போகுது?

இது நாம யாரும் கேக்காத கேள்வி. பொங்கலுக்கு வந்த சொந்தக்காரங்க நம்ம வீட்டு பாத்ரூமுக்குப் போனா, ஃப்ளஷ் பண்ணதோட மேட்டர் ஓவர். ஆனா அவனியாபுரத்துக்காரங்களைக் கேளுங்க, அவங்களுக்குத் தெரியும். மதுரையோட கழிவுநீர்ல ஒரு பங்கு வெள்ளைக்கல் பக்கம்தான் சுத்திகரிப்புக்கு வருது. குப்பையும் அங்கேதான் வந்து சேர்ந்துச்சு. ஊர் எல்லாம் மறந்துட்ட விஷயத்துக்கு மூக்கைப் பொத்துறது அந்த ஏரியா ஜனங்க.

தால் ஏரியில அந்த மறதிக்கே வாய்ப்பில்லை. பல வருஷமா படகோட கழிவு நேரா ஏரியிலதான் விழுந்தது. எந்தத் தண்ணிமேல வீடு நிக்குதோ அதே தண்ணி! "ஏரியைக் கெடுக்குறதே படகுதான்"னு குற்றச்சாட்டு வந்தது. படகுக்காரங்க கேட்ட எதிர்க் கேள்வியும் நியாயமானதுதான். "நகரத்து சாக்கடையும் ஏரியிலதானே கலக்குது? எங்களை மட்டும் ஏன் சொல்றீங்க?" ரெண்டுமே உண்மைங்கிறதுதான் சிக்கல். இப்போ சமீப வருஷங்கள்ல படகுகளைக் கழிவுநீர்க் குழாயோட இணைக்கிற வேலை நடந்திருக்கு. மிதக்குற வீட்டுக்குப் பாதாள சாக்கடை... சிவில் பசங்களா, நல்ல ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் இது!

அடுத்த படகு எங்கே?

கடைசியா, நம்ம வயசுப் பசங்களுக்கான விஷயம். தால் ஏரியில புதுசா ஹவுஸ்போட் கட்ட பல வருஷமா அனுமதி இல்லை. பழசை ரிப்பேர் பண்றதுக்கே ஏகப்பட்ட கெடுபிடி இருந்தது. 2021-ல வந்த புதுக் கொள்கைதான், முறைப்படி அனுமதி வாங்கிப் பழுது பார்க்க வழி விட்டது. ஆனா தேவதாரு விலை? படகு கட்டத் தெரிஞ்ச தச்சர்கள்? ரெண்டுமே தட்டுப்பாடு. ஆயிரத்துக்கும் குறைவான படகுகள்தான் மிச்சம். எரிஞ்சதும் மூழ்கினதும் போக எண்ணிக்கை குறையத்தான் செய்யும்.

இப்போ ஒரு வீட்டுல ரெண்டு அண்ணன் தம்பி. ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆகுது. நம்ம ஊர்ல மாடியில ரெண்டு ரூம் எடுப்போம். அங்கே படகு மேல படகு கட்ட முடியாது. ஒருத்தர் கரைக்குப் போயே ஆகணும். போறவர் அதுக்கப்புறம் தன் சொந்தப் படகுக்கே விருந்தாளி. குளிர்கால லீவுக்குப் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ஷிகாராவுல வந்து இறங்குற அந்த எட்டு பேர்ல, நேத்து வரைக்கும் அங்கேயே துடுப்புப் போட்டவரும் ஒருத்தர்!

'படகுல வாழ்ந்தா செம ரொமான்டிக்ல!'ன்னு ஸ்டேட்டஸ் போடுறது ஈஸி. அங்கே நிஜமாவே வாழுற ஜோடி தினமும் எடையை, சூட்டை, தண்ணியை, கழிவை எண்ணிக்கிட்டே வாழுது. அவ்வளவு எண்ணியும், வர்றவங்க தலையை மட்டும் எண்ணுறதில்லை.

ஜனவரியில தால் ஏரிக்குப் போறீங்களா? இதைக் கவனிங்க!

* கரி அடுப்பு, காங்க்ரி எதையும் அறைக்குள்ள வெச்சுட்டுத் தூங்காதீங்க. போர்வை எத்தனை வேணும்னாலும் கேளுங்க.

* புக் பண்ணும்போது, "உங்க படகு கழிவுநீர்க் குழாயோட இணைஞ்சிருக்கா?"ன்னு கேளுங்க. பத்து டூரிஸ்ட் கேட்டா பதினோராவது படகும் இணையும்.

* வெந்நீர் வரலைன்னு கத்துறதுக்கு முன்னாடி பைப் உறைஞ்சிருக்கான்னு பாருங்க.

* ராத்திரி கூரை மேல 'தட தட'ன்னு சத்தம் கேட்டா பயப்படாதீங்க. படகுக்காரர் பனியைத் தள்ளிக்கிட்டிருப்பார். எழுந்து போய் ஒரு கை கொடுத்தீங்கன்னா, மறுநாள் காலையில உப்பு டீ முன்படகுல கிடைக்காது... பின்படகுல, குடும்பத்தோட!