கையெழுத்துக்கு முன் வீட்டில் பேசுங்கள்

எலும்பு மஜ்ஜைக் கொடையாளர் பதிவேட்டுக்கான கல்லூரி முகாமில் பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்து உறையில் போட்டுக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். ஊசி இல்லை, ரத்தம் இல்லை, கட்டணமும் இல்லை. படிவத்தில் கையெழுத்துப் போட்டு, நண்பர்களோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விடலாம். இரண்டு ஆண்டு கழித்தோ எட்டு ஆண்டு கழித்தோ ஒரு நாள் கைப்பேசி ஒலிக்கும். "உங்கள் திசுவகை ஒரு நோயாளியோடு பொருந்துகிறது. ஸ்டெம் செல் கொடுக்கச் சம்மதமா?"

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. முகாமில் கையெழுத்துப் போட்டவர் தனி ஆள். இப்போது பதில் சொல்ல வேண்டியது ஒரு குடும்பம். "முதுகுத் தண்டுல ஊசி போடுவாங்களாம், உனக்கு எதுக்குப்பா இந்த வேலை" என்று அம்மா அழுவார். பெண்ணாக இருந்தால் "நாளைக்குக் குழந்தை பிறக்கலைன்னா யார் பதில் சொல்றது" என்று பெரியவர்கள் கேட்பார்கள். சிலர் கைப்பேசி எண்ணை மாற்றியிருப்பார்கள். பதிவேட்டுக்காரர்களால் அவர்களைத் தேடிப்பிடிக்கவே முடியாது.

எலும்பு மஜ்ஜைக் கொடை பற்றிய விழிப்புணர்வு பெரும்பாலும் "பதிவு செய்யுங்கள்" என்பதோடு நின்றுவிடுகிறது. அது பாதி வேலைதான். அழைப்பு வரும்போது பின்வாங்குகிற ஆயிரம் பெயர்களைவிட, வீட்டில் பேசி முடித்துவிட்டுப் பதிவு செய்த நூறு பேர் ஒரு நோயாளிக்கு அதிகம் பயன்படுவார்கள்.

எலும்புகளின் உள்ளே இருக்கும் மஜ்ஜைதான் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாவற்றையும் உற்பத்தி செய்யும் இடம். அங்குள்ள ஸ்டெம் செல்களிலிருந்து இவை ஓயாமல் உருவாகின்றன. ரத்தப் புற்றுநோய், மஜ்ஜை செயலிழந்துபோகும் ஏபிளாஸ்டிக் அனீமியா, பிறவியிலேயே வரும் தலசீமியா, நீலகிரிப் பழங்குடி மக்களிடம் காணப்படும் அரிவாள் செல் சோகை, நோய் எதிர்ப்பாற்றலே இல்லாமல் பிறக்கும் குழந்தைகளின் குறைபாடு என்று இந்த உற்பத்திக்கூடம் பழுதாகும் நோய்கள் பல. மருந்தால் சரிசெய்ய முடியாத கட்டத்தில், இன்னொருவரின் ஆரோக்கியமான ஸ்டெம் செல்லைச் செலுத்துவதே வழி. டொனால் தாமஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1950-களில் தொடங்கிய இந்த முயற்சிக்கு 1990-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் மும்பை டாடா நினைவு மருத்துவமனையும் வேலூர் சி.எம்.சி.யும் 1980-களிலேயே இதைத் தொடங்கிவிட்டன.

யாருடையது யாருக்குப் பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பது ரத்த வகை அல்ல. 'ஓ பாசிடிவ்' ஆள் 'பி பாசிடிவ்' நோயாளிக்குக் கொடுக்கலாம். சிகிச்சைக்குப் பிறகு நோயாளியின் ரத்த வகை கொடுத்தவருடையதாகவே மாறிவிடும். பொருந்த வேண்டியது ஹெச்.எல்.ஏ. எனப்படும் திசுவகை. ஆறாவது குரோமோசோமில் இருக்கும் இந்த மரபணுத் தொகுதியில் பாதி அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் வருகிறது. அதனால் ஒரே பெற்றோருக்குப் பிறந்த இருவருக்கு இது முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். ஒன்றிரண்டு பிள்ளைகளோடு நிற்கும் இன்றைய குடும்பங்களில் அண்ணன் தம்பி பொருந்துவார்கள் என்று நம்பியிருக்க முடியாது. மாமன் மகளை, அத்தை மகனைக் கட்டும் வழக்கமுள்ள தமிழ்க் குடும்பங்களில் மட்டும் ஒரு வேறுபாடு உண்டு. பெற்றோர் உறவுக்குள் மணந்தவர்கள் என்றால் சித்தப்பா, அத்தை, அவர்கள் பிள்ளைகள் என்று விரிந்த சொந்தத்திலும் தேடிப் பார்ப்பது வீண்போகாது. இதை மருத்துவரிடம் நாமாகவே சொல்ல வேண்டும். சொல்லத் தயங்கிப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சொந்தத்தில் கிடைக்காதவர்களுக்காகத்தான் கொடையாளர் பதிவேடு. இதன் முன்னோடி லண்டனில் 1974-இல் ஷெர்லி நோலன் என்ற தாய் தன் மகன் அந்தோணிக்காகத் தொடங்கியது. அந்தச் சிறுவனுக்குக் கடைசிவரை கொடையாளர் கிடைக்கவில்லை, 1979-இல் இறந்துபோனான். அவன் பெயரிலான பதிவேடு இன்றும் மற்றவர்களுக்காக இயங்குகிறது. நம் நாட்டில் சென்னையில் 2009-இல் தொடங்கிய டாத்ரி, பெங்களூருவில் இயங்கும் டி.கே.எம்.எஸ். அறக்கட்டளை போன்றவை இந்தப் பணியைச் செய்கின்றன.

உலகெங்கும் பதிவு செய்தவர்கள் நான்கு கோடிக்கு மேல். எட்டு கோடிச் சொச்சம் மக்கள்தொகை கொண்ட ஜெர்மனியில் மட்டும் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர். 140 கோடியைத் தாண்டிய இந்தியாவிலோ சில லட்சங்கள்தான். இந்த வேறுபாடு ஏட்டுக் கணக்கு அல்ல. திசுவகை வம்சாவளியோடு சேர்ந்து வருவது. தமிழ் நோயாளிக்குப் பொருந்தக்கூடியவர் பெரும்பாலும் நம் மக்களிடையேதான் இருப்பார். அமெரிக்கப் பதிவேட்டை வைத்து 2014-இல் வெளியான ஆய்வின்படி, ஐரோப்பிய வம்சாவளியினரில் நான்கில் மூவருக்கு முழுப் பொருத்தம் கிடைக்க வாய்ப்பிருந்தது. தெற்காசியர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான். அகமண வழக்கத்தால் நம் ஒவ்வொரு சமூகமும் தனித்தனித் திசுவகைகளைக் காத்து வைத்திருக்கிறது. எனவே ஒரு சமூகத்திலிருந்து ஆளில்லாத பதிவேடு, அந்தச் சமூகத்து நோயாளிக்கு வெறும் புத்தகம்தான்.

2007-இல் கலிபோர்னியாவில் ரத்தப் புற்றுநோய் வந்த இரண்டு இந்திய வம்சாவளி இளைஞர்களுக்காக நண்பர்கள் இறங்கி வேலைசெய்து சில வாரங்களில் 24,000-க்கு மேற்பட்ட தெற்காசியர்களைப் பதிவு செய்ய வைத்தார்கள். இருவருக்கும் கொடையாளர் கிடைத்தார்கள்; சிகிச்சையும் நடந்தது. ஆனாலும் 2008-இல் இருவருமே இறந்துவிட்டார்கள். முயற்சி தோற்றது என்று சொல்லலாமா? அந்த முகாம்களில் பெயர் கொடுத்தவர்கள் பின்னால் வேறு எத்தனையோ நோயாளிகளுக்குப் பொருந்தினார்கள். நாம் பதிவு செய்வது முகநூலில் படம் பார்த்த குழந்தைக்காக மட்டும் அல்ல, பெயர் தெரியாத யாருக்காகவும்தான். இந்த மனநிலை இல்லாதவர் பதிவு செய்யாமல் இருப்பதே நல்லது என்பேன்.

சரி, பொருந்திவிட்டது என்று அழைப்பு வந்தால் என்ன நடக்கும்? முதலில் ரத்த மாதிரி எடுத்துப் பொருத்தத்தை மறுபடி உறுதி செய்வார்கள். பிறகு முழு உடல் பரிசோதனை. கொடுப்பவருக்கு ஆபத்து என்று தெரிந்தால் அதோடு சரி. தகுதியானவர் என்றால் பெரும்பாலானவர்களுக்கு எலும்பைத் தொடவே மாட்டார்கள். நான்கைந்து நாள் ஜி.சி.எஸ்.எஃப். என்ற ஊசி போடுவார்கள். அது மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல்களைப் பெருக்கி ரத்தத்துக்குள் வரவைக்கும். ஐந்தாம் நாள் தட்டணு தானம் செய்வதைப்போல ஒரு கையில் ரத்தம் வெளியேறி, எந்திரத்தில் ஸ்டெம் செல் பிரிக்கப்பட்டு, மீதி ரத்தம் மறு கை வழியே திரும்பிவிடும். நான்கு முதல் ஆறு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். சில சமயம் மறுநாளும் தொடரும். பத்தில் ஒருவருக்குத்தான் பழைய முறை: மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து மஜ்ஜையை ஊசியால் உறிஞ்சி எடுப்பது. முதுகுத் தண்டுக்கு இதில் வேலையே இல்லை. எடுத்த ஸ்டெம் செல் சில வாரங்களில் தானே ஊறிவிடும்.

வலியே இருக்காது என்று சொல்லும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். ஊசி போடும் நாட்களில் இடுப்பு, முதுகு, கால் எலும்புகளில் குடைச்சல் இருக்கும்; காய்ச்சல் வந்தாற்போல உடம்பு வலிக்கும், தலை வலிக்கும். பாராசிட்டமால் போதும், ஊசி நின்ற சில நாளில் சரியாகிவிடும். எந்திரத்தில் இருக்கும்போது உதடும் விரல் நுனியும் மதமதக்கலாம்; உடனே செவிலியரிடம் சொன்னால் கால்சியம் கொடுப்பார்கள். மண்ணீரல் சற்று வீங்கும் என்பதால் அந்த வாரம் கபடியும் மூட்டை தூக்குவதும் கூடாது. மண்ணீரல் கிழிவது மிக மிக அரிது என்றாலும் நடக்கக்கூடியது. இடுப்பெலும்பில் எடுத்தால் ஒன்றிரண்டு வாரம் அந்த இடம் வலிக்கும், மயக்க மருந்துக்கே உரிய சிறு ஆபத்தும் உண்டு. கொடையாளர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளில் அவர்களுக்குப் புற்றுநோய் கூடுதலாக வருவதாகத் தெரியவில்லை. குழந்தைப் பேறுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கர்ப்பமாக இருக்கும்போது மட்டும் எடுக்க மாட்டார்கள்.

இனி உரிமைகள். எந்தக் கட்டத்திலும் "முடியாது" என்று சொல்லும் உரிமை கொடையாளருக்கு உண்டு. யாரும் காரணம் கேட்டு நெருக்க முடியாது. ஆனால் அந்த உரிமைக்கு ஒரு நாள்காட்டி இருக்கிறது. ஸ்டெம் செல் ஏற்றுவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே, கடுமையான கீமோதெரபி கொடுத்து நோயாளியின் சொந்த மஜ்ஜையை அழிக்கத் தொடங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு கொடையாளர் பின்வாங்கினால் நோயாளிக்கு உயிர் தப்ப வழி அநேகமாக இல்லை. முகாமில் மறுப்பதால் யாருக்கும் நட்டமில்லை. உறுதிப்படுத்தும் சோதனைக்கு அழைக்கும்போது மறுத்தால்கூட வேறு ஆள் தேட நேரமிருக்கும். கீமோ தொடங்கும் தேதியைப் பதிவேட்டாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு முன் இறுதி முடிவைச் சொல்லிவிடுங்கள்.

ஸ்டெம் செல்லுக்கு விலை கிடையாது. யாராவது பணம் பேசினால் ஒதுங்கிவிடுங்கள். அதே நேரம் கொடையாளர் கையிலிருந்தும் ஒரு ரூபாய் போகக் கூடாது. சோதனை, ஊசி, பயணம், தங்குமிடம் எல்லாம் அவர் தலையில் விழாது. கூலி வேலைக்குப் போகிறவர் இழக்கும் நாட்களுக்கு என்ன ஏற்பாடு என்பதைச் சம்மதம் சொல்லும் முன்பே கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. நோயாளி யார் என்பது உங்களுக்கும், நீங்கள் யார் என்பது நோயாளிக்கும் தெரியாது. ஓராண்டு கழித்து இருவரும் விரும்பினால் சந்திக்கலாம்.

இந்த ரகசியக் காப்பு கிடைக்காதவர்கள் உடன்பிறந்தவர்கள். அக்காவுக்குத் தம்பி பொருந்திவிட்டான் என்று தெரிந்ததும் வீடே அவனைப் பார்க்கும். அவனுக்கும் பயம் இருக்கலாம். சோதனை முடிவை முதலில் அவனிடம் தனியாகச் சொல்வதும், நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் அல்லாமல் வேறொருவர் அவனைப் பரிசோதிப்பதும் நல்ல நெறி. கேட்டால் பல மருத்துவமனைகளில் செய்வார்கள்.

முழுப் பொருத்தம் கிடைக்காத நோயாளிகளும் மனம் விட வேண்டியதில்லை. பெற்றோரோ பிள்ளையோ பாதிப் பொருத்தத்தோடு கொடுக்கும் முறை இன்று பரவலாக நடக்கிறது. செலவுதான் பெரிய மலை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும் அடங்கும். அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகள் எவை என்று 104-இல் அழைத்து விசாரிக்கலாம். தலசீமியாவுள்ள குழந்தைகளுக்கு கோல் இந்தியா நிறுவனம் 2017 முதல் 10 லட்சம் ரூபாய் வரை உதவி வருகிறது, வேலூர் சி.எம்.சி.யும் அத்திட்டத்தில் உண்டு. பிரசவத்தின்போது "ஸ்டெம் செல் உள்ள தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்தால் உங்கள் குழந்தைக்கே காப்பீடு" என்று பேசும் தனியார் வங்கிகளிடம் மட்டும் எச்சரிக்கை. தலசீமியாவோடு பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியிலும் அதே பழுதான மரபணுதான் இருக்கும். தன் சொந்தப் பயனுக்காக அதைச் சேமிக்க அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே சொல்லியிருக்கிறது.

18 வயது நிரம்பிய, 50 வயதைத் தாண்டாத, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள், இதய நோய் போன்றவை இல்லாத எவரும் பதிவு செய்யலாம். இளைஞர்களையே மருத்துவர்கள் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். இன்றிரவு சாப்பிடும்போது வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள். அம்மா கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். தெரியாததைப் பதிவேட்டாரிடம் கேட்டு வந்து சொல்லுங்கள். அதன்பின் கையெழுத்துப் போடுங்கள். முன்பே பதிவு செய்தவர்கள், எண்ணோ முகவரியோ மாறியிருந்தால் அதைப் பதிவேட்டில் இந்த வாரமே திருத்திவிடுங்கள்.