கணுக்கால் பிசகிடுச்சா? வலி போச்சுன்னு உடனே விளையாடப் போகாதீங்க! எக்ஸ்ரே முதல் பயிற்சி வரை முழு விவரம்

வாரம் முழுக்க ஆபீஸ் நாற்காலி. சனி, ஞாயிறு வந்தால் டர்ஃபில் ஃபுட்பால், உள்ளரங்கில் ஷட்டில், பக்கத்து மைதானத்தில் கிரிக்கெட். சென்னை, கோவை போன்ற நகரங்களில் பலருக்கும் விளையாட்டு என்பது இப்படித்தான் நடக்கிறது. இதில் அடிக்கடி வரும் காயம் கணுக்கால் சுளுக்கு. ரெண்டு நாள் நொண்டி நடந்துவிட்டு, வலி குறைந்ததும் அடுத்த வாரமே மைதானத்துக்குப் போய்விடுபவர்கள் அதிகம். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. வலி சில நாட்களில் போய்விடலாம். உள்ளே கிழிந்த நார் ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

சுளுக்கும்போது உள்ளே என்ன ஆகுது?

எலும்பையும் எலும்பையும் சேர்த்துப் பிடித்திருக்கும் நாருக்கு லிகமென்ட் என்று பெயர். பாதம் உட்பக்கமாக மடங்கும்போது, கணுக்காலின் வெளிப்பக்கத்தில் இருக்கும் லிகமென்ட் அளவுக்கு மீறி இழுபடுகிறது. லேசாக இழுபட்டால் முதல் நிலை. பாதி கிழிந்தால் இரண்டாம் நிலை. முழுதாக அறுந்தால் மூன்றாம் நிலை.

'நரம்பு பிசகிடுச்சு, நீவி விட்டா சரியாகிடும்' என்று வீட்டில் சொல்வதுண்டு. ஆனால் சாதாரண சுளுக்கில் நரம்போ எலும்போ இடம் மாறுவதில்லை. முதல் 2, 3 நாட்களில் எண்ணெய் போட்டு அழுத்தி நீவினாலோ, சூடு ஒத்தடம் கொடுத்தாலோ உள்ளே ரத்தக் கசிவும் வீக்கமும் கூடத்தான் செய்யும்.

எக்ஸ்ரே எப்போ தேவை?

எல்லா சுளுக்குக்கும் எக்ஸ்ரே தேவையில்லை. கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் 1992-ல் வெளியிட்ட விதிகளைத்தான் உலகம் முழுக்க மருத்துவர்கள் பின்பற்றுகிறார்கள். கணுக்கால் அல்லது நடுப்பாதத்தில் வலி இருந்து, கீழே உள்ளவற்றில் ஒன்று சேர்ந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

* கணுக்காலின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்பின் நுனியிலோ, பின் விளிம்பின் கீழ் 6 செ.மீ. பகுதியிலோ தொட்டு அழுத்தினால் வலிப்பது

* பாதத்தின் வெளி ஓரத்தில், நடுவில் இருக்கும் எலும்பு மேட்டையோ, உட்பக்க நடுப்பாத எலும்பையோ அழுத்தினால் வலிப்பது

* அடிபட்ட உடனேயும், மருத்துவமனையில் பார்க்கும்போதும் 4 அடி எடுத்து வைக்க முடியாமல் இருப்பது

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் இந்த விதியை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது. எலும்பு முறிந்தாலும் அவர்களுக்கு வலி தெரியாமல் போகலாம்.

முதல் 3 நாள் என்ன பண்ணலாம்?

ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைப்பது என்ற நான்கையும் சேர்த்து 1978-ல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் பிரபலப்படுத்தினார். பின்னாளில் அவரே, ஐஸும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று கருத்தை மாற்றிக்கொண்டார். இன்றைய நிலையில் ஐஸ் வலியைக் குறைக்க மட்டுமே. துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வைத்தால் போதும். நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது.

க்ரேப் பேண்டேஜை விரல் பக்கத்திலிருந்து மேல்நோக்கிச் சுற்ற வேண்டும். விரல் மரத்தாலோ, நீலமானாலோ உடனே தளர்த்திவிட வேண்டும். படுக்கும்போது தலையணை வைத்து, கால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி பார்த்துக்கொண்டால் வீக்கம் வடியும். சிறுநீரகப் பிரச்சினை, அல்சர் உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் மெடிக்கல் ஷாப்பில் தாங்களாகவே வலி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது.

லீவு போட முடியாதா? இதை கவனிங்க

படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். ஊன்றுகோல் பிடித்தால், அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பைக்கில் கியருக்கு இடது கால், பிரேக்குக்கு வலது கால் வேண்டும். சிக்னலில் வண்டியைத் தாங்கவும் கால் ஊன்ற வேண்டும். வலியில்லாமல் அழுத்தி பிரேக் பிடிக்க முடிகிற வரை வண்டியைத் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு. ஓடிப்போய் பஸ் ஏறுவதையும் தள்ளிப்போடுங்கள். ஆபீஸில் மேசைக்குக் கீழே ஒரு ஸ்டூல் போட்டுக் காலை நீட்டி வைக்கலாம்.

பயிற்சி ஏன் முக்கியம்?

கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்விகள் லிகமென்டிலும் இருக்கின்றன. அது கிழியும்போது இந்தத் தகவலும் தடுமாறுகிறது. ஒருமுறை சுளுக்கிய கால் திரும்பத் திரும்ப மடங்க இது ஒரு முக்கியக் காரணம். இதை ஓய்வு மட்டும் சரிசெய்யாது.

வலி தாங்கும் அளவுக்குக் குறைந்ததும், கட்டைவிரலால் காற்றில் அ, ஆ, இ எழுதிப் பார்க்கலாம். அடுத்த கட்டமாக, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். பிறகு பல் தேய்க்கும் நேரத்தில் ஒற்றைக் காலில் 30 வினாடி நிற்கலாம். சுலபமாகிவிட்டால், கைக்கெட்டும் தூரத்தில் சுவர் இருக்கும்படி நின்று, கண்ணை மூடி முயற்சிக்கலாம்.

மைதானத்துக்கு எப்போ திரும்பலாம்?

லேசான சுளுக்கு 1 முதல் 3 வாரத்தில் சரியாகலாம். இரண்டாம் நிலைக்கு 3 முதல் 6 வாரம் ஆகும். முழுதாக அறுந்தால் மாதக்கணக்கு. ஆனால் காலண்டரை விட காலைத்தான் நம்ப வேண்டும். நொண்டாமல் வேக நடை, ஒற்றைக் காலில் இரு பக்கமும் ஒரே மாதிரி குதிப்பது, நேர் ஓட்டம், வளைந்து திரும்பி ஓடுவது என்ற வரிசையில் ஒவ்வொன்றும் வலியில்லாமல் வந்தால்தான் அடுத்தது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு இதைச் சோதிப்பதில் அர்த்தமில்லை. முதல் சில மாதங்கள் கணுக்கால் பிரேஸ் அணிந்து விளையாடினால் மறுபடி சுளுக்கும் வாய்ப்பு குறையும்.

இதெல்லாம் இருந்தா காத்திருக்காதீங்க

கால் கோணலாகத் தெரிவது, பாதம் மரத்துப்போய் சில்லிடுவது, கெண்டைக்கால் வீங்கி வலிப்பது, குதிகாலுக்கு மேலே யாரோ பின்னாலிருந்து உதைத்தது போல 'டப்' என்ற உணர்வு - இவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு வாரமாகியும் நடை சரியாகாவிட்டால் எலும்பு மருத்துவரைப் பார்க்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எலும்பியல் பிரிவும் பிசியோதெரபியும் உள்ளன. 6 வாரம் கழித்தும் கால் அடிக்கடி மடங்கினால், அது பழைய சுளுக்கு முழுசாக ஆறவில்லை என்பதற்கான அறிகுறி. அதற்கும் சிகிச்சை உண்டு.